எந்த ஊர் வெடி

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் வெடி வைப்பார்கள். மேளம் வந்து சேர நேரமாகும். சேதி சொல்ல ஆள் கிளம்புவதற்கு அதைவிட நேரமாகும். அதற்கு முன்பே வெடிச் சத்தம் வயல்களைத் தாண்டிப் போய்விடும். நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் வாளியைக் கீழே வைப்பார். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"எந்த ஊரு வெடி?"

அதற்கு உடனே சரியான பதில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. பாகூர் ஏரியைச் சுற்றி ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒருவர் கிழக்கே என்பார், இன்னொருவர் ஆற்றுப் பக்கம் என்பார். அம்மா மட்டும் தயங்கவே மாட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டு, ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் தப்பாக இருக்கும். அதை அவளிடம் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நான் பௌதிகம் படித்துவிட்டுப் பெங்களூரில் செயற்கைக்கோள் வேலைக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். சேர்ந்த புதிதில் எங்கள் குழுத் தலைவர், நாங்கள் செய்யப்போகும் கருவி எதற்கு என்று விளக்கினார். வானத்தில் எங்கோ ஓரிடத்திலிருந்து திடீரென்று காமாக் கதிர்கள் வெடித்துக் கிளம்புகின்றன. சில நொடிகளுக்கு அந்த ஒளிக்கு முன்னால் வானத்தில் வேறெதுவும் நிற்காது. பிறகு அடங்கிவிடும். வந்தது தெரிகிறது, எங்கிருந்து வந்தது என்றுதான் தெரிவதில்லை. அவர் அப்படிச் சொன்னதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தாய் என்றார். எங்கள் ஊரிலும் இப்படித்தான் சார் என்றேன். வடக்கே பெரிய நகரத்தில் பிறந்த மனிதர். பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார்.

அந்த வெடிப்புகள் முதலில் அகப்பட்டது அறுபதுகளில். ரகசியமாக யார் அணுகுண்டு வெடிக்கிறார்கள் என்று வேவு பார்க்கப் பெரிய நாட்டுக்காரர்கள் அனுப்பிய செயற்கைக்கோள்களில் வந்து மாட்டின. கீழே பூமியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, மேலே வானத்திலிருந்து வெளிச்சம். தரையில் நின்று அதைப் பிடிக்க முடியாது. காற்று மண்டலம் அந்தக் கதிர்களை வழியிலேயே விழுங்கிவிடும். நான் ஏரிக்கரையில் ஆடு விரட்டிக்கொண்டிருந்த வயதில் எங்கள் தலைக்கு மேலேயும் எத்தனையோ வந்து போயிருக்கும். ஒருவருக்கும் தெரியாது.

இடம் கண்டுபிடிக்கும் வழி, சொன்னால் எளிது. ஒரே ஒரு கருவி இருந்தால், வெடித்த நேரம் மட்டும் தெரியும். வெகுதூரத்தில் இன்னொன்றும் இருந்தால், எது முதலில் கண்டது, எது எவ்வளவு பிந்திக் கண்டது என்று பார்க்கலாம். அந்த வித்தியாசத்தை வைத்து, வானத்தில் ஒரு வளையம் போட்டு, இந்த வளையத்தில் எங்கோதான் என்று சொல்லலாம். மூன்றாவதாக ஒன்று இருந்தால் வளையங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைத்துவிடும். மற்ற நாட்டுக்காரர்களின் கருவிகள் வெள்ளிக் கிரகத்தின் பக்கமெல்லாம் போயிருந்தன. பூமியைச் சுற்றியபடி நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கும் நம்முடைய கருவி ஒன்றும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

கருவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சின்ன டப்பா. உள்ளே ஒரு படிகம். ஒருவகை உப்புதான் அது. காமாக் கதிர் பட்டால் மினுங்கும். ஈரம் ஆகாது என்பதால் காற்றுப் புகாமல் மூடி வைத்திருப்போம். ஒரு விடுமுறையில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். உப்பு என்ற ஒன்று மட்டும் அவளுக்குப் பிடித்துக்கொண்டது.

"ஜாடியில போட்டு வைக்கிற மாதிரிதான?" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "மேல வெடிக்குதே, அது இன்னாடி, சாவு வெடியா?" என்றாள்.

"யாருக்கும் தெரியாதும்மா. அத்தக் கண்டுபுடிக்கத்தான்."

"தெரியாததுக்கா ஒனக்கு சம்பளம் குடுக்கறாங்க?"

இந்த வேலையால்தான் அவளுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு நின்றுபோனது. பெரியம்மா என் அம்மாவின் ஒரே அக்கா. அண்ணன் தம்பி கிடையாது, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒருத்திக்கு ஒருத்திதான் பிறந்த வீடு. பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். எங்கள் கரையில் நின்றால் அவர்கள் ஊர்ப் பனைமரங்கள் தெரியும். தன் கொழுந்தன் மகனுக்கு என்னைக் கட்டி வைக்க வேண்டும் என்று அவள் எல்லாம் பேசி முடித்து, பூ வைக்க நாளும் குறித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து வேலை உத்தரவு வந்தது. நான் போகிறேன் என்றேன். அம்மா ஒருநாள் முழுக்க என்னைத் திட்டிவிட்டு, மறுநாள் தன் அக்காவிடம் போய், "எம் பொண்ணு போவட்டும்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

புகுந்த வீட்டார் முன்னால் பெரியம்மாவுக்குத் தலைகுனிவு. இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்றாள். அம்மாவும் சும்மா வரவில்லை.

"நீ செத்தாக்கூட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு. வருஷங்கள் ஓடின. திருவிழாவில் எதிரெதிரே பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்ட பிறகு அம்மா என்னிடம், "இளைச்சிப் போயிட்டால்ல?" என்று கேட்பாள்.

எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு பங்குனி மாதம், எங்கள் டப்பாவை வைத்துக்கொண்டு ராக்கெட் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வங்கக் கடலில் விழுந்தது. பல வருஷ வேலை. ஈரம் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த உப்பு கடலுக்கே போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். பெட்டியில் ஒரு பட்டுச் சேலை இருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. ராக்கெட் மேலே போன சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்தது.

செய்தியை ரேடியோவில் கேட்டு ஊரே தெரிந்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். எப்படி ஆச்சு, கடைசியாக எப்போது பார்த்தாய் என்றெல்லாம் கேட்டார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, சோறு போட்டாள். சேலையைக் கொடுத்தேன். பிரிக்காமல் பீரோவில் வைத்தாள்.

"அது மேல போனப்புறம் கட்டிக்கறேன்" என்றாள்.

அப்போது பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூச்சுத் திணறல் என்று புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து, வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். இது பால் ஊற்ற வரும் பெண்கள் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்த சேதி. அழைத்து வந்தது நல்லதற்கா, இல்லை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றா, அது அவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா அடுப்படியில் தனியாக அழுதாள். போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "கூப்புடாத வூட்டுக்கு எப்படிப் போறது?" என்றாள்.

நான் வந்து ஓரிரு நாள் ஆகியிருக்கும். அப்பா கரும்பு வண்டியோடு ஆலைக்குப் போயிருந்தார். விடிந்து, வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள் அம்மா. ஏரிப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று.

அம்மா தலையைச் சாய்க்கவில்லை. கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"அக்கா போயிட்டா" என்றாள்.

"அம்மா, ஒரு எடத்துல நின்னு கேட்டத வச்சு ஊரைச் சொல்ல முடியாது. ஏரிக்கு அந்தாண்ட எத்தினி ஊரு இருக்குது?"

"எனக்குத் தெரியும்டி."

"செத்திருந்தா சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு சொல்லி அனுப்பப் போறாங்க? நான்தான் செத்தாக்கூட வரமாட்டேன்னு சொன்னவளாச்சே."

ஒரே ஒரு சத்தத்தை வைத்து இடம் சொல்லக்கூடாது என்பதுதான் என் தொழில், இருந்தும் எனக்கும் பயம் வந்துவிட்டது.

இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை போக வேண்டும். கோடி என்போம். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். கடை திறக்கிற நேரமில்லை. அம்மா பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் பட்டை எடுத்தாள். மஞ்சள், குங்குமம், கொல்லையில் பறித்த பூ எல்லாவற்றையும் ஒயர்க் கூடையில் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எடுத்துக்கம்மா" என்றேன்.

ஏரிக்கரை மேலேயே நடந்தோம். அம்மாவா அவ்வளவு வேகமாக நடந்தாள்! பாதித் தண்ணீர்தான் இருந்தது ஏரியில். கரை வளையும் இடத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று சில ஆட்கள் எதையோ கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒரு மாதிரி திரும்பிக்கொண்டார்கள். எதிரே சைக்கிளில் வந்தவரை நிறுத்தி, வெடி எந்தப் பக்கம் கேட்டது, எப்போது கேட்டது என்று விசாரித்தேன். பழக்க தோஷம். அவர் கையைப் பொதுவாக ஏரி முழுவதற்கும் காட்டினார்.

"ஒன் ஆபீஸ் வேலைய இங்க பாக்காத, நட" என்றாள் அம்மா.

வழியெல்லாம் அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏன் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன். நான் கையைப் பிடித்தால் உதறினாள்.

பெரியம்மாவின் தெரு முனையில் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். சாவு வீட்டுக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் தெருவில் நுழைவார்கள். மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். எனக்குத்தான் என்னவோ உறுத்தியது. பந்தல் இல்லை. மேளம் இல்லை. வாசலில் பெஞ்சு இல்லை, ஆண்கள் இல்லை. ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு வாய் பிளந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நில்லும்மா" என்று பின்னாலேயே ஓடினேன். தலைமயிர் முகத்தை மூடியிருக்க, எதையும் பார்க்காமல் அவள் வாசலைத் தாண்டி முற்றத்துக்குள் போய்விட்டாள்.

முற்றத்து வெயிலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள் பெரியம்மா.

தங்கை தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வருவதைக் கண்டதும் கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ தங்கச்சி! போயிட்டாராடி? ஒன்ன உட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் தள்ளாடி அம்மாவின் மேலேயே விழுந்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். யார் தொடுவது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அழுகை இரட்டிப்பானது. அக்காவின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். பெரியம்மாவோ என் அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நல்ல மனுஷன், சோறு போட்டால் இன்னது நன்றாக இல்லை என்று ஒரு நாள் சொன்னதுண்டா என்று ராகம் போட்டு அடுக்கிக்கொண்டே போனாள். என் அப்பாவைப் பற்றி அவள் இவ்வளவு நல்லது சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் கொஞ்சம் தாமதமாகத்தான் நான் குறுக்கே வந்தேன்.

"பெரிம்மா, அப்பா ஆலைக்குப் போயிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு."

பெரியம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பறம் யாருடி செத்தது?"

அம்மா முகத்திலிருந்து மயிரை ஒதுக்கினாள். மூக்கைத் துடைத்தாள்.

"நீதான்க்கா" என்றாள்.

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, பெரியப்பா உள்ளேயிருந்து ஓடி வந்து முதுகைத் தேய்த்துவிட வேண்டியதாயிற்று. அடங்கியதும், "வெடி கேட்டுச்சுக்கா, ஏரிப் பக்கமிருந்து. ஒங்க ஊர்லன்னு நெனச்சிக்கினு..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"எனக்கும்தான் கேட்டுச்சு. ஒங்க ஊருன்னு நெனச்சி நான் விடிஞ்சதுலேருந்து மனசு அடிச்சிக்கினு குந்தியிருக்கேன். நீ அழுதுகினு வந்து நின்னதும் அவருதான்னு முடிவே பண்ணிட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கரையில் கேட்டால் அந்தப் பக்கம். அவர்கள் கரையில் கேட்டால் இந்தப் பக்கம். இரண்டு இடத்தில் கேட்டாயிற்று, இனி இடம் சொல்லிவிடலாம். ஏரிக்குள்ளேயே வெடித்திருக்கிறது. மார்பளவு தண்ணீரில் நின்று எதையோ அள்ளிய ஆட்கள் ஞாபகம் வந்தார்கள். தண்ணீருக்குள் வெடித் தோட்டா போட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். வெடிப்பின் இடத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற நான், வெடித்த இடத்தையே தாண்டி நடந்து வந்திருக்கிறேன். இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு.

அப்புறம் அவள் கண் ஒயர்க் கூடையில் விழுந்தது. அம்மா அதைச் சட்டென்று பின்னால் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் கூடை சாய்ந்து, பூவும் குங்குமமும் பட்டுச் சேலையும் முற்றத்தில் கிடந்தன. உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடிச் சேலை கொண்டு வருவதைப்போல ஒரு அபசகுனம் எங்கள் பக்கத்தில் இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியம்மா குனிந்து சேலையை எடுத்தாள். கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பொறந்த வூட்டு கோடியா?"

"அக்கா, என்ன மன்னிச்சிருக்கா. அத்தக் குடு, கெணத்துல போட்டுடறேன்."

"வரமாட்டேன்னு சொன்னவ, சேலையோட வந்துட்ட." பெரியம்மாவின் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "செத்தப்புறம் போத்துனா எனக்கு எப்படிடி தெரியும், தங்கச்சி பட்டு எட்தாந்தான்னு? இன்னிக்கே கட்டிக்கறேன்."

பெரியப்பா ஆகாது என்றார். பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார். அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. ஒரு பக்கம் நான் தாங்கிக்கொள்ள, அம்மா மண்டியிட்டுக் கொசுவம் மடித்துச் சேலை கட்டிவிட்டாள். தலையில் பூ வைத்தாள். இளைத்துப்போன உடம்பில் மாம்பழ மஞ்சள் அவ்வளவு அழகாக இருந்தது. ராக்கெட்டுக்காக வாங்கிய சேலை என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் மீன்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். ஏரிக் கெண்டை. எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று நாங்களே அவளுக்குச் சொன்னோம். அம்மா குழம்பு வைத்தாள். பட்டுச் சேலையில் உட்கார்ந்து பெரியம்மா முள் எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒன் ராக்கெட்டு கடல்ல வுழுந்துடுச்சாமே? ரேடியோல சொன்னாங்களாம். அதுக்குள்ள ஆளு யாராச்சும் இருந்தாங்களாடி?"

"இல்ல பெரிம்மா. வெறும் டப்பாதான்."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு, என் தட்டில் ஒரு மீன் துண்டு வைத்தாள். எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு அப்பாடாவில்தான் எனக்கு மனசு ஆறியது.

அதன் பிறகு அம்மாவுக்கு ஏரிக்கரையில் நடப்பதே வேலையாகிவிட்டது. கூழ் காய்ச்சினாலும் கொண்டுபோனாள், கீரை பறித்தாலும் கொண்டுபோனாள். மறுபடியும் நாங்கள் ஒரு டப்பா செய்து அனுப்பினோம். அதுவும் கடலில்தான் விழுந்தது. "ஆளு இல்லல்ல?" என்று பெரியம்மா கேட்டு அனுப்பினாள். பின்னால், தொண்ணூறுகளில் ஒன்று மேலே போய்ச் சேர்ந்து, வெடிப்புகளைக் குறித்துக் குறித்து அனுப்பியது. அதற்கும் பின்னால், அந்த வெடிப்புகளில் பல, பெரிய நட்சத்திரங்கள் சாகும்போது வருபவை என்று கண்டுபிடித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். அவள் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தாள். அதை அவளிடம் எடுத்துச் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் கிடையாது.

பெரியம்மா அதற்கெல்லாம் இருக்கவில்லை. எண்பதுகள் முடிவதற்குள், ஒரு தை மாதத்து மத்தியானம் அவள் போனாள். நான் பொங்கல் லீவில் வந்திருந்தேன். அம்மா பல நாளாக அங்கேயே தங்கி, ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மூச்சின்போதும் பக்கத்தில் இருந்தாள். புதுக் கோடி வாங்க ஆள் போயிருந்தது. நாங்கள் பெரியம்மாவுக்கு அந்த மஞ்சள் பட்டைத்தான் கட்டிவிட்டிருந்தோம். பலமுறை துவைத்து அது நன்றாக மெத்தென்று ஆகியிருந்தது.

பெரியம்மாவின் மகன் வாசலில் வெடி வைத்தான். ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. ஏரியைச் சுற்றி எத்தனையோ பேர் கைவேலையை நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். அம்மா தலை நிமிரவில்லை. அக்காவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.